எண்ணெய் டப்பாவை எடுத்தது யார்

போன மே மாதம் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூத்தவளுக்கு 10 வயது, தம்பிக்காரனுக்கு 7. என் மகளுக்கு 8. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 9, அவன் சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் தன் வீட்டுக்குப் போவான். இந்த நாலு பேருக்கும் ராத்திரி எட்டரை மணிக்கு மேல் மொட்டை மாடியில் பாய் விரித்து, தினம் ஓர் அத்தியாயமாக ஒரு நாவலை முழுதாகச் சொல்லி முடித்தேன். அதில் நான் செய்த தப்புகள் நிறைய, தானாகச் சரியாக அமைந்தவையும் சில உண்டு. இந்த லீவுக்கு உங்கள் வீட்டிலும் யாராவது முயற்சி செய்யலாமே என்றுதான் எழுதுகிறேன்.

புத்தகம் 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்'. எல். ஃபிராங்க் பாம் எழுதியது, 1900-ல் சிகாகோவில் வெளிவந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் இதைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் கணக்குத்தான். மொத்தம் 24 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற அளவு. பிள்ளைகள் ஊருக்குத் திரும்ப 26 நாள் இருந்தது. அந்தக் கதை நட்பை எவ்வளவு நுணுக்கமாக வைத்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சின்ன வயதில் சுருக்கப் பதிப்பு ஒன்றைப் படித்ததோடு சரி.

முதல் ராத்திரி சொதப்பல். போனில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி நல்ல தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப் பார்த்தேன். கன்சாஸ் புல்வெளி, எல்லாமே சாம்பல் நிறம், வெயிலில் வெளிறிய வீடு, சிரிப்பையே மறந்துபோன சித்தப்பா சித்தி என்று நான் நிதானமாக அடுக்கிக்கொண்டு போக, சின்னவன் பாயில் கிடந்த எறும்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். சூறாவளி வந்த பிறகுதான் நிமிர்ந்தான். "கஜா மாதிரியா மாமா?" 2018-ல் கஜா அடித்தபோது அவன் பிறந்தே சில மாதம்தான் இருக்கும், ஆனால் எங்கள் டெல்டா வீடுகளில் அந்தக் கதையைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. அங்கேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கஜா மாதிரி கடலிலிருந்து வருவதில்லைடா, வானத்திலிருந்து தும்பிக்கை தொங்குகிற மாதிரி சுழன்றுகொண்டே இறங்கும், அதற்குப் பயந்துதான் தரைக்குள் குழி தோண்டி வைத்திருப்பார்கள் என்று சொன்னேன். குழி எவ்வளவு ஆழம், நாய்க்குட்டியும் உள்ளே வருமா, வீடு பறந்தால் உள்ளே இருக்கிற சாமானெல்லாம் என்ன ஆகும் என்று கேள்விகள் வந்தன. மறுநாளிலிருந்து பகலில் ஒருமுறை அத்தியாயத்தைப் படித்துவிட்டு ராத்திரி போன் இல்லாமல் சொன்னேன். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வாசிப்பதைவிடச் சொல்வதுதான் எங்களுக்கு வேலை செய்தது. குழந்தையின் முகம் தெரிந்தால்தான் எங்கே நிறுத்துவது, எங்கே ஓடுவது என்று தெரிகிறது.

பெயர்களைத் தமிழாக்க வேண்டுமா என்று கொஞ்சம் யோசித்தேன். சூறாவளி வீட்டோடு ஓஸ் நாட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோன சிறுமி டோரதி, அவள் நாய்க்குட்டி டோட்டோ எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஊர் திரும்ப வழி கேட்டு மந்திரவாதியைத் தேடிப் போகிற அவளோடு வழியில் சேரும் கூட்டாளிகளுக்கு மட்டும் நம் பெயர் வைத்தோம்: சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம். முதலாவதற்கு நான் ஒன்றும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, புத்தகத்திலும் அது நிற்பது சோளக்கொல்லையில்தான். அதே மாதிரி, ஆளை மயக்கித் தூங்க வைக்கும் சிவப்புப் பூத்தோட்டம் ஒன்று வருகிறதே, அது கசகசாச் செடியின் பூ. இதைச் சொன்னதும் மூத்தவள் கீழே ஓடிப்போய் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை கசகசாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு பெரிய சிங்கத்தைச் சாய்த்தது இந்தத் துளியா என்று நாலு பேரும் மாறி மாறி மோந்து பார்த்தார்கள். கதையில் வருகிற ஒரு பொருளாவது கையில் இருந்தால் அந்த ராத்திரி தனி.

அப்படித்தான் எண்ணெய் டப்பாவும் வந்தது. தகர மனிதன் காட்டில் ஒரு வருஷத்துக்கு மேலாகத் துருப்பிடித்து, ஓங்கிய கோடாலியோடு நின்றுகொண்டிருக்கிறான். டோரதி அவன் குடிசையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து கழுத்து, கை, கால் என்று மூட்டு மூட்டாக விட்டு அவனை அசைய வைக்கிறாள். டப்பா என்றால் இவர்களுக்கு ஐந்து லிட்டர் தகர டின்தான் தெரியும். அதனால் அம்மாவின் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவை மேலே கொண்டுபோனேன், நீளமான மூக்கும், அடியில் அமுக்கினால் டக் டக் என்று சத்தமும் வருமே, அது. பக்கத்து வீட்டுப் பையன் அதை வாங்கினான், அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். மூத்தவள் அவன்மேல் பிரியமானவள், அந்தப் பிரியத்தில் அவன் முடிக்கும் முன்னே வார்த்தையை அவளே எடுத்துச் சொல்லிவிடுவாள். "த...த..." "தண்ணியா? இந்தா." நாங்கள் பெரியவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். உதவி என்றுதான் நினைத்தோம்.

ஆறாம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு சின்ன சம்பவம் வருகிறது, சுருக்கப் பதிப்புகளில் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். நடந்து போகும்போது தகர மனிதன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிடுகிறான். இதயமே இல்லை என்று சொல்லிக்கொள்கிறவன் அந்த வண்டுக்காக அழுகிறான், கண்ணீர் வழிந்து தாடையின் கீல் துருப்பிடித்து வாய் இறுகிவிடுகிறது. டோரதி ஏதோ கேட்கிறாள், அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டுகிறான். டோரதிக்குப் புரியவில்லை. சிங்கத்துக்கும் புரியவில்லை.

அந்த இடத்தில் நிறுத்தினேன். திட்டம் போட்டெல்லாம் நிறுத்தவில்லை, மூச்சு வாங்க நிறுத்தினேன். மாடியில் சத்தமே இல்லை. அந்த இருட்டில் டக், டக், டக் என்று மூன்று தடவை கேட்டது. பையன் டப்பாவை அமுக்கியிருந்தான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனும் தலை குனியவில்லை, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதையில் டோரதியின் கூடையிலிருந்து டப்பாவைப் பிடுங்கித் தாடைக்கு எண்ணெய் விடுவது சோளக்கொல்லைப் பொம்மை. மூளையே இல்லை என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டு வருகிற அதற்குத்தான் அவன் சைகை புரிந்தது.

மறுநாள் அவனே வந்து, நேரம் எடுத்துக்கொண்டு, தகர மனிதன் பேசுகிற இடத்தையெல்லாம் தான் பேசுவதாகச் சொன்னான். அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு பாத்திரம் ஆனது. மூத்தவள் டோரதி, என் மகள் சோளக்கொல்லைப் பொம்மை, இருட்டில் தனியாகப் பாத்ரூம் போகப் பயப்படுகிற சின்னவன் தானாகவே சிங்கத்தை எடுத்துக்கொண்டான். நான் பேச்சு வரும் இடத்தில் நிறுத்தி என்ன சொல்ல வேண்டும் என்று காதில் சொல்வேன், அவர்கள் தங்கள் வார்த்தையில் சொல்வார்கள். பையன் துருப்பிடித்த குரலில், கரகரவென்று, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசினான். தகர மனிதன் மெதுவாகத்தானே பேசுவான், அதனால் யாருக்கும் அவசரமில்லை. பாதி நேரம் திக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். நடிக்கும்போதும் பாடும்போதும் எல்லோரோடும் சேர்ந்து ஒப்பிக்கும்போதும் திக்குகிறவர்களில் பலருக்குத் திக்கல் குறைவது உண்டு, அதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். வார்த்தையை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், "மெதுவா பேசு" என்றுகூடச் சொல்ல வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் நாங்கள் செய்தது அத்தனையும் நேர் எதிர்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் அத்தியாயத்தில் குறுக்கே ஒரு பெரிய பள்ளம், தாண்ட வழியில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்தால் பாலமாகுமே என்று யோசனை சொல்வது சோளக்கொல்லைப் பொம்மைதான். கரடி உடம்பும் புலித்தலையுமாக இரண்டு மிருகங்கள் துரத்திக்கொண்டு பாலத்தில் ஏறும்போது தாங்கள் நிற்கும் பக்கத்து முனையை வெட்டிவிடச் சொல்வதும் அதுவே. பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. முடித்த கையோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பாத்தீங்களா, அதுக்கு மூளை ஏற்கெனவே இருக்கு, அதுக்குத்தான் தெரியல" என்று விளக்கிவிட்டேன். என் மகள் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள். காலையில் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "நான் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்ப்பா. கடைசியில எல்லாருக்கும் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்." அவள் பொத்தி வைத்திருந்ததை நான் போட்டு உடைத்துவிட்டேன். இந்தப் புத்தகத்தில் யாரும் யாரையும் நண்பன் என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை, நட்பின் அருமை பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதனால்தான் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறது. அன்றிலிருந்து கதை முடிந்ததும் நான் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டால் மட்டும் பதில்.

அப்படி வாயை மூடிக்கொண்ட பிறகுதான் எனக்கே சில இடங்கள் கண்ணில் பட்டன. டோரதிக்குப் பசிக்கிறது. சோளக்கொல்லைப் பொம்மை அவள் கூடையில் கொட்டை பறித்துப் போடுகிறது. அதற்குப் பசியே கிடையாது, சாப்பிடவும் வேண்டாம். பஞ்சு மாதிரி அடைத்த விரல்கள், கொட்டையோ சின்னது, கூடையில் விழுகிற அளவுக்குத் தரையிலும் விழுகிறது. இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நேரம் ஆக ஆக நெருப்பிலிருந்து தள்ளியே இருக்கலாம் அல்லவா, அது உலகத்தில் பயப்படுவதே நெருப்புக்கு மட்டும்தானே. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டேதான் அவள் தூங்கும்போது பக்கத்தில் வந்து காய்ந்த சருகை அவள்மேல் போர்த்திவிடுகிறது. இன்னோரிடத்தில் சூனியக்காரி கருந்தேனீக் கூட்டத்தை ஏவிவிடுகிறாள். தன் வயிற்றிலிருக்கும் வைக்கோலை உருவி டோரதிமேலும் நாய்மேலும் சிங்கத்தின்மேலும் மூடிவிடச் சொல்கிறது பொம்மை. தேனீக்களுக்குக் கொட்டக் கிடைப்பது தகரம் மட்டுமே, கொடுக்கு ஒடிந்து செத்து விழுகின்றன. அப்புறம் டோரதியும் தகர மனிதனும் உட்கார்ந்து வைக்கோலைத் திரும்ப அடைக்கிறார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கரகரத்தது, மறைக்கவில்லை.

நாலு பேரும் நாலு விதமான ஆட்கள் என்பதுதான் இந்தக் கதைக்கே உயிர் என்று நினைக்கிறேன். ஒருவருக்குத் தேவையானது இன்னொருவருக்குத் தேவையே இல்லை. எண்ணெய் வேண்டியது ஒருவனுக்கு, டப்பாவைச் சுமப்பது இன்னொருத்தி, எடுத்து விடுவது மூன்றாவது ஆள். ஒரே மாதிரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து புதையல் தேடுகிற கதைகளில் எனக்கு இந்தச் சுவை கிடைத்ததில்லை.

பயங்கரமான இடங்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும். பழைய கதைகளின் வேதனையையும் கெட்ட கனவையும் விலக்கிவிட்டு எழுதியதாக ஆசிரியர் முன்னுரையில் சொல்கிறார், ஆனாலும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் 40 ஓநாய்கள் பாய்ந்து வருகின்றன, தகர மனிதன் ஒவ்வொன்றாகத் தலையை வெட்டிக் குவிக்கிறான். சின்னவன் பயப்படுவானே என்று அவை பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டதாக மாற்றிச் சொன்னேன். நடுராத்திரியில் எழுந்து வந்து என்னை உலுக்கினான். "40-ம் ஓடிடுச்சுன்னா, திரும்பி வருமே மாமா?" அவனை மடியில் போட்டுக்கொண்டு, இல்லைடா, எல்லாம் செத்துப்போச்சு, நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டான். ஆபத்து முடிந்தது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விவரிக்காமல் ஒரே வரியில் கடந்து போங்கள், ஆனால் முடிவை மாற்றாதீர்கள்.

தொய்வும் உண்டு. மந்திரவாதி வெறும் ஊரை ஏமாற்றுகிற ஆள் என்று தெரிந்து, அவர் பலூனில் ஏறிப் போன பிறகு தெற்கே இன்னொரு பயணம் வருகிறது. சண்டை போடும் மரங்கள், பீங்கான் மனிதர்கள் வாழும் ஊர், தலையை நீட்டி முட்டுகிற ஆட்கள் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். ஐந்து அத்தியாயங்களை மூன்று ராத்திரியில் முடித்தேன், யாரும் குறை சொல்லவில்லை. மிச்சப்பட்ட நேரத்தில் ஒரு நாள் அவர்களே தேனீச் சண்டையை நடித்தார்கள், தலையணைப் பஞ்சு மாடியெல்லாம் பறந்தது.

இதற்கு நடுவில் ஒரு சாயங்காலம் நாலு பேரையும் ஐஸ் வாங்கக் கடைக்கு அனுப்பினேன், கொஞ்சம் பின்னால் நானும் நடந்து போனேன். பையன் "ம...ம..." என்று ஆரம்பித்தான். கடைக்காரர் நல்ல மனிதர், "மாங்கோவா தம்பி?" என்று பெட்டியைத் திறந்துவிட்டார். மூத்தவள் கவுன்ட்டரில் கையை வைத்து, "அண்ணே, இருங்க, அவனே சொல்லுவான்" என்றாள். அவர் மூடியைப் பிடித்தபடி நின்றார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவன் கண்ணை மூடி, திறந்து, "மாங்கோ இல்ல, மில்க்" என்றான்.

டோரதி போட்டிருக்கும் வெள்ளிச் செருப்பே அவளை வீட்டுக்குக் கொண்டுபோகும் என்று தெற்கே இருக்கும் நல்ல சூனியக்காரி கிளிண்டா சொல்கிற இடத்தில் பெரிய கலவரம். முதல் நாளே அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாமாம். "அப்ப இவ்ளோ நடந்ததெல்லாம் வேஸ்ட்டா?" என்று மூத்தவள் கொதித்தாள். நான் பதில் சொல்லவில்லை, என் விதிப்படி. கதையிலேயே மூன்று பேரும் பதில் சொல்கிறார்கள்: நீ போயிருந்தால் நான் கொல்லையிலேயே நின்றிருப்பேன், நான் காட்டிலேயே துருப்பிடித்திருப்பேன், நான் கோழையாகவே இருந்திருப்பேன். பையன் தன் பங்கை அந்தக் கரகரக் குரலில் சொல்லி முடித்த பிறகு அவள் "சரி" என்றாள், அரை மனதாக.

1939-ல் வந்த திரைப்படத்தை முன்னாடியே காட்டிவிடாதீர்கள், அப்புறம் குழந்தைகள் தாங்களாக ஒரு முகத்தைக் கற்பனை செய்ய முடியாது. நாங்கள் கதை முடிந்த மறுநாள் பார்த்தோம். பாட்டெல்லாம் பிடித்திருந்தது. வெள்ளிச் செருப்பு சிவப்பானதை மன்னித்துவிட்டார்கள். கடைசியில் அவள் படுக்கையில் கண் விழிக்க, எல்லாமே கனவு போல முடிந்தது. அதை மன்னிக்கவே இல்லை. "அப்ப அவங்க மூணு பேரும் இல்லவே இல்லையா?" என்று சின்னவன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். நாவலில் அப்படி இல்லை. கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூட வராது, அதற்குள் சித்தி முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட வெளியே வருகிறாள், அதற்கு முந்தின அத்தியாயத்தின் கடைசியிலேயே சித்தப்பா கட்டிய புது வீடு நிற்கிறது. பழைய வீடு உண்மையிலேயே பறந்து போயிருந்தால்தானே புது வீடு? செருப்பு பாலைவனத்தில் விழுந்து தொலைந்துபோனது, அவள் காலில் வெறும் காலுறை. என் மகள்தான் இந்தச் சாட்சிகளையெல்லாம் விரல்விட்டு எண்ணித் தம்பியைச் சமாதானப்படுத்தினாள். இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை.

பொம்மையும் தகர மனிதனும் சிங்கமும் ஆளுக்கு ஒரு திசைக்கு ராஜாவாகப் போய்விடுகிறார்களே, திரும்பப் பார்த்துக்கொள்வார்களா என்று பஸ் ஏறும் நாள் காலையில் மூத்தவள் கேட்டாள். பாம் மொத்தம் 14 ஓஸ் நாவல்கள் எழுதியிருக்கிறார், இரண்டாவது 1904-ல் வந்தது, அதில் பொம்மையும் தகர மனிதனும் சந்திக்கிறார்கள் என்றேன். அதை அடுத்த லீவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், பகலில் ஒவ்வோர் அத்தியாயமாகப் படித்துக்கொண்டு வருகிறேன்.

எண்ணெய் டப்பா இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. மிஷினுக்கு எண்ணெய் விட வேண்டுமென்றால் அம்மா மதில் பக்கம் போய்க் குரல் கொடுத்து வாங்கிக்கொள்கிறாள், தைத்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.